கண்டதை எழுதும் உரிமை

அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்தல் பற்றி அச்சரப்பாக்கத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியலை எப்படிக் கற்கிறார்கள் என்பது இன்றைய பேச்சின் பொருள். பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் ஊரே பேசுகிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதம் மாவட்டவாரியாக நாளிதழ்களில் வருகிறது. ஆறு முதல் எட்டு வரையுள்ள இந்த மூன்று வகுப்புகளைப் பற்றி அப்படி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அங்கே பொதுத்தேர்வு இல்லை. 2019-20 கல்வியாண்டில் ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்த அரசு, எதிர்ப்பு எழுந்ததும் 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெற்றது. அது சரியான முடிவு. ஆனால் தேர்வு போனதோடு அந்த வகுப்புகள் மேல் நம் கவனமும் போய்விடக் கூடாது. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாணவிகளின் உயர்கல்விக்கு உதவும் புதுமைப் பெண் திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு வைக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டம் தரும் உறுதியோ 14 வயதோடு, அதாவது எட்டாம் வகுப்போடு முடிகிறது. அதற்குமேல் படிக்க முடியாமல் போகும் பிள்ளைக்கு இந்த நாடு சட்டப்படி உறுதி தரும் அறிவியல் கல்வி அவ்வளவுதான். அதனால் என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நடுநிலைப் பள்ளி அறிவியலின் பெரிய குறை, கருவி இல்லாததோ கட்டடம் இல்லாததோ இல்லை. பிள்ளை தன் கண்ணால் கண்டதற்கு ஆசிரியர் நியமனத்திலும் பாடவேளையிலும் விடைத்தாளிலும் இடமில்லாததுதான் அந்தக் குறை. இந்த மூன்றையும் திருத்தாமல் எத்தனை கருவி வாங்கிக் கொடுத்தாலும் அவை பீரோவில் பூட்டியே கிடக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'விசையும் அழுத்தமும்' என்று ஒரு பாடம் இருக்கிறது. ஆழம் கூடக்கூடத் திரவத்தின் அழுத்தமும் கூடும் என்பது அந்தப் பாடத்தின் முக்கியக் கருத்துகளில் ஒன்று. மதுராந்தகம் ஏரிக்கரை மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருப்பதற்கு ஒரு காரணமும் இதுதான். இதை விளக்க உலகமெங்கும் காட்டப்படும் சோதனை ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் மேலே, நடுவே, கீழே என்று சம இடைவெளியில் மூன்று துளை போட்டுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். கீழ்த்துளையில் அழுத்தம் அதிகம் என்பதால் அங்கிருந்து பீய்ச்சும் தண்ணீர்தான் எல்லாவற்றையும்விடத் தள்ளிப்போய் விழும் என்று பல புத்தகங்களின் படங்கள் காட்டும். பாட்டிலைத் தரையில் வைத்துச் செய்து பாருங்கள், அப்படி நடக்காது. நடுத்துளைத் தண்ணீர்தான் தூரப் போய் விழும். கீழ்த்துளைத் தண்ணீர் வேகமாகத்தான் கிளம்புகிறது, ஆனால் தரை பக்கத்திலேயே இருப்பதால் அது தூரம் போவதற்குள் விழுந்துவிடுகிறது. மேல்துளைத் தண்ணீருக்கு விழ நேரம் இருக்கிறது, வேகம் போதவில்லை. நேரமும் வேகமும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது நடுத்துளைக்கு. அதே பாட்டிலை உயரமான ஸ்டூலின் ஓரத்தில் வைத்தால் கீழ்த்துளை முந்திவிடும். அழுத்தம் பற்றிய கருத்து இரண்டு இடத்திலும் சரிதான். விழும் தூரத்தை அழுத்தம் மட்டுமே முடிவு செய்கிறது என்று எண்ணியதுதான் தவறு.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இந்தச் சோதனையைச் செய்து, நடுத்துளைத் தண்ணீர்தான் தள்ளி விழுகிறது என்று எழுந்து சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடத்தில் மூன்று விஷயங்கள் தேவை. அது ஏன் என்று தெரிந்த, அல்லது சேர்ந்து கண்டுபிடிக்கலாம் என்று துணிந்து சொல்லக்கூடிய ஆசிரியர் வேண்டும். பாட்டிலை ஸ்டூலில் ஏற்றி இன்னொரு முறை பார்க்கப் பத்து நிமிடம் வேண்டும். பரீட்சையில் அவள் தான் கண்டதைக் கண்டபடி எழுதினால் மதிப்பெண் குறையாது என்ற உறுதி வேண்டும். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் அவளுக்குக் கிடைக்கும் பதில், "புத்தகத்தில் இருப்பதை எழுது" என்பதுதான். அந்தப் பதிலைக் கேட்ட பிள்ளை அழுத்தத்தைப் பற்றித் தவறாகக் கற்றதோடு நிற்பதில்லை, தன் கண்ணைவிட அச்சடித்த எழுத்தே பெரியது என்றும் கற்றுக்கொள்கிறது. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்று 1976-இல் நம் அரசியல் சட்டத்தில் சேர்த்தோம். அந்தக் கடமைக்கு நேர் எதிரான பாடத்தை அறிவியல் வகுப்பிலேயே நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இதற்கு ஆசிரியரைக் குற்றம் சொல்வது எளிது, நியாயம் ஆகாது. அவருடைய நிலைமையைச் சட்டத்திலிருந்தே பார்க்கலாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் குறைந்தது மூன்று ஆசிரியர்களைக் கேட்கிறது: அறிவியலுக்கும் கணிதத்துக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளும் இதே வழியில், கணிதத்தையும் அறிவியலையும் ஒன்றாகச் சேர்த்து 60 மதிப்பெண் வைத்திருக்கிறது. அந்த ஓர் இடத்துக்குக் கணிதப் பட்டதாரி வந்தால் அறிவியலுக்கு ஆளில்லை, அறிவியல் பட்டதாரி வந்தால் கணிதத்துக்கு ஆளில்லை. அறிவியல் பட்டதாரி என்றாலும் அவர் கல்லூரியில் படித்தது தாவரவியலோ வேதியியலோ ஒன்றுதான். கையில் இருக்கும் புத்தகத்திலோ ஒளியியலும் மின்னியலும் அணு அமைப்பும் நுண்ணுயிரிகளும் பயிர் மேலாண்மையும், கடைசியில் கணினிப் பாடமும் இருக்கின்றன. ஒரு வகுப்புக்கு வாரம் ஐந்து பாடவேளை அறிவியல், ஐந்து பாடவேளை கணிதம் என்று குறைத்தே கணக்கிட்டாலும் மூன்று வகுப்புக்கு முப்பது பாடவேளை ஆகிறது. மீதி இருக்கும் நேரம் குறிப்பேடு திருத்தவும், கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் விவரம் பதிவேற்றவும், விடுப்பில் இருப்பவரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ளவும் போய்விடும். சோதனைக்கு வேண்டிய பொருளை எடுத்து வைத்து, ஒரு முறை தானே செய்து பார்த்துவிட்டு வகுப்புக்குப் போக அவருக்கு நேரம் எங்கே? கட்டடம் பற்றிய பகுதியில் அதே அட்டவணை வகுப்பறை, கழிப்பறை, குடிநீர், சமையலறை, விளையாட்டுத் திடல், சுற்றுச்சுவர் என்று பட்டியலிடுகிறது. அறிவியல் ஆய்வகம் அந்தப் பட்டியலில் இல்லை. சட்டம் கேட்காததை மேலிருந்து யாரும் கேட்கமாட்டார்கள்.

அடுத்தது தேர்வு. முப்பருவ முறையோடு 2012-13-இல் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் 40 மதிப்பெண் பருவத்தினூடே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கும் 60 பருவ முடிவில் எழுதும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. நோக்கம் நல்லது. அந்த நாற்பதில்தான் பிள்ளை கையால் செய்ததற்கும் கண்ணால் கண்டதற்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும். ஆனால் நேரமும் ஆளும் இல்லாத இடத்தில் செயல்பாடு என்பது சார்ட்டில் படம் வரைவதாகவும், படங்களை வெட்டி ஒட்டி ஆல்பம் செய்வதாகவும் சுருங்கிவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டுப் படிக்கும் தேசிய வருவாய் வழித் திறன் உதவித்தொகைத் தேர்வில் அறிவியலுக்கு 35 கேள்வி உண்டு, எல்லாம் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சோதனை செய்தால் மதிப்பெண் உண்டு என்ற நிலை பத்தாம் வகுப்பில்தான் வருகிறது, அங்கே செய்முறைக்கு 25. அதற்குள் நான்கு ஆண்டு போய்விடுகிறது. இதன் விளைவைக் காட்டும் அளவுகோல்கள் நம்மிடம் உண்டு. பதினைந்து வயதினர் படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்தத் தெரிந்தவர்களா என்று பார்க்கும் பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் இந்தியாவிலிருந்து ஒரே ஒரு முறை இரண்டு மாநிலங்கள் கலந்துகொண்டன. ஒன்று தமிழ்நாடு, மற்றொன்று இமாச்சலப் பிரதேசம். 2011 டிசம்பரில் வெளிவந்த முடிவில் தமிழ்நாட்டின் அறிவியல் சராசரி 348. வளர்ந்த நாடுகளின் சராசரி 501. அது நம் வாழ்க்கைக்குப் பொருந்தாத தேர்வு என்று அப்போது சொல்லப்பட்டது. சரி, நம் நாடே வைத்த தேர்வைப் பார்ப்போம். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வில் எட்டாம் வகுப்பின் அகில இந்தியச் சராசரி, 500-க்கு மொழியில் 302, கணிதத்தில் 255, சமூக அறிவியலில் 255, அறிவியலில் 250. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்த காலம் அது என்பது உண்மை. ஆனால் பூட்டு எல்லாப் பாடத்துக்கும் பொதுவாகத்தான் தொங்கியது. கடைசி இடம் அறிவியலுக்குக் கிடைத்தது.

அரசுப் பள்ளியில், கிராமத்தில், இருக்கும் ஆசிரியரை வைத்துக்கொண்டு வேறு மாதிரி நடத்த முடியுமா என்று கேட்பீர்கள். நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் என்ற மாவட்டம், இப்போது நர்மதாபுரம் என்று பெயர். 1972-இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தொண்டு அமைப்புகள் அதை முன்னெடுத்தன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து அறிவியலாளர்களும் டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அதில் சேர்ந்தார்கள். 1978-இல் அது மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1982-இல் தோன்றிய ஏகலவ்யா அமைப்பு பொறுப்பை ஏற்றபின் மேலும் பல மாவட்டங்களுக்குப் போனது. பிள்ளைகள் நான்கு நான்கு பேராக உட்கார்ந்து தாங்களே சோதனை செய்தார்கள். 'பால் வைஞானிக்' என்ற அவர்களுடைய புத்தகம் விடையைச் சொல்லாது. செய்யவேண்டியதைச் சொல்லும், கேள்வி கேட்கும், விடையைப் பிள்ளை தன் நோட்டில் எழுத வேண்டும். ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி நடந்தது, மாதந்தோறும் கூட்டமும் நடந்தது. அந்தக் கூட்டத்தில் வராத சோதனையைப் பற்றியும், பதில் தெரியாத கேள்வியைப் பற்றியும் வெட்கப்படாமல் பேசலாம். எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு தேர்வு. புத்தகத்தையும் நோட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், அதோடு செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடம் செய்ததால் பயனில்லை என்றானபோது மனப்பாடம் தானாகவே நின்றது. ஆசிரியர், நேரம், தேர்வு ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தொட்டதால்தான் அது முப்பது ஆண்டு நின்றது.

அவ்வளவு நல்ல திட்டமென்றால் 2002-இல் மாநில அரசு ஏன் மூடியது என்று கேட்பது நியாயமான கேள்வி. அரசியல் காரணங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தத் திட்டத்தின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருந்தது. அது ஆறு முதல் எட்டு வரை மட்டும், குறிப்பிட்ட மாவட்டங்களில் மட்டும், தனிப் புத்தகத்தோடும் தனித் தேர்வோடும் நடந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் போன பிள்ளையைப் பழைய பாடமுறையும் பழைய தேர்வும் எதிர்கொண்டன. மாநிலத்தின் பொது ஓட்டத்திலிருந்து ஒதுங்கி நின்ற ஏற்பாட்டை ஓர் உத்தரவில் நிறுத்திவிட முடிந்தது. நாம் இதிலிருந்து கற்கவேண்டியது, நம் சீர்திருத்தம் மாநிலத்தின் சொந்தப் பாடத்திட்டத்துக்குள்ளும் சொந்த வினாத்தாளுக்குள்ளும் நடக்க வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் எல்லா அரசுப் பள்ளிக்கும் ஒரே புத்தகம், ஒரே மதிப்பீட்டு முறை. அந்த வசதியால், இங்கே வினாத்தாளில் செய்யும் ஒரு மாற்றம் அதே பருவத்தில் எல்லா ஒன்றியத்துக்கும் போய்ச் சேரும்.

இன்னொரு மறுப்பை மதிப்போடு கேட்க வேண்டும். எட்டாம் வகுப்பு வந்த பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கவே தடுமாற்றம், வகுத்தல் வரவில்லை, முதலில் அதைப் பார்ப்போம், சோதனை எல்லாம் பிறகு என்பது அந்த மறுப்பு. இதைச் சொல்பவர்கள் வகுப்பறையை அறிந்தவர்கள். குறை உண்மை, 'பிறகு' என்பதுதான் தவறு. மூன்று துளையிலிருந்தும் தண்ணீர் விழுந்த தூரத்தை ஸ்கேலால் அளந்து, மூன்று முறை செய்து சராசரி எடுத்து, அட்டவணை போட்டு, கண்டதை நான்கு வரியில் எழுதும் பிள்ளை அந்த ஒரு மணி நேரத்தில் கணிதமும் தமிழும் சேர்த்தே கற்கிறது. வகுத்தலுக்கு அங்கே ஒரு தேவை பிறக்கிறது. எழுதுவதற்கு அதனிடம் சொந்தமாக ஒரு செய்தி இருக்கிறது. எழுதிக் கொடுத்ததைப் பார்த்து எழுதிக்கொண்டே எட்டு ஆண்டு கடந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல மொழிப் பயிற்சி வேறில்லை. அதோடு, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் பலர் கைவேலையிலும் கூர்ந்து பார்ப்பதிலும் முன்னால் நிற்பார்கள். வகுப்பில் அவர்கள் தலைநிமிரக் கிடைக்கும் வாய்ப்பு இதுதான், அதைத் தள்ளிப்போடக் கூடாது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி அருகே காட்டூரில் முதலமைச்சர் தொடங்கி வைத்த வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையுள்ள பிள்ளைகளுக்காகவே வந்தது. சோதனைப் பொருள்களோடு கருத்தாளர்கள் பள்ளிக்கு வந்து செய்து காட்டுகிறார்கள். எளிய சோதனைகளை ஊர் ஊராகக் கொண்டுசென்ற தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் நீண்ட உழைப்பும் 'துளிர்' இதழும் இதற்கு மண்ணைப் பண்படுத்தின. கருத்தாளர் வரும் நாளில் வகுப்பறையில் தெரியும் உற்சாகம் உண்மையானது. ஆனால் தொடங்கியபோது சொன்ன கணக்கைப் பாருங்கள்: பள்ளிகள் 13,000-க்கும் மேல், கருத்தாளர்கள் 710 பேர். ஒருவருக்குப் பதினெட்டுப் பள்ளி. ஒரு பள்ளிக்கு அவர் திரும்பி வருவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். நடுத்துளைத் தண்ணீர் ஏன் தள்ளி விழுந்தது என்ற கேள்வி மறுநாள் காலையில் எழுந்தால் அவர் அங்கே இருக்கமாட்டார், வகுப்பாசிரியர்தான் இருப்பார். ஆகவே கருத்தாளரின் முதல் வேலை பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதாக இருப்பதைவிட, ஆசிரியரோடு உட்கார்ந்து அடுத்த மாதத்துச் சோதனைகளைச் செய்து பார்ப்பதாக இருப்பது நல்லது. ஸ்மார்ட் வகுப்பறையில் காட்டும் வீடியோவுக்கும் இதே பதில்தான். செல்லின் உள்ளே நடப்பதையும் கோள்களின் சுழற்சியையும் காட்ட அது அருமையான துணை. ஆனால் வீடியோவில் சோதனை ஒருபோதும் தவறிப்போவதில்லை. தவறிப்போன சோதனையை வைத்துக்கொண்டு ஏன் என்று யோசிப்பதுதான் அறிவியல்.

போட்டித் தேர்வுகளை நினைத்துப் பெற்றோர்கள் கவலைப்படுவது எனக்குப் புரிகிறது. நீட் தேர்வுக்கு வேகமாக விடையளிக்கத் தெரிய வேண்டும், சோதனை செய்துகொண்டிருந்தால் பிள்ளை பின்தங்கிவிடாதா என்கிறார்கள். அந்தத் தேர்வு பதினேழு வயதில் வருகிறது. பதினொரு வயதிலிருந்தே அதற்குப் பிள்ளையைப் பழக்குவது பணம் உள்ளவர்களின் பந்தயம், அதில் அரசுப் பள்ளிப் பிள்ளை என்றும் பின்னால்தான் ஓட வேண்டியிருக்கும். மேல்வகுப்புக் கணக்குகளுக்கு வேண்டிய அடிப்படைக் கருத்தைக் கையால் தொட்டுப் புரிந்துகொள்ள நடுநிலை வகுப்புகளே தகுந்த காலம். பொதுத்தேர்வின் அழுத்தம் இல்லாத கடைசி ஆண்டுகளும் அவைதான்.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஆறாம் வகுப்புக்கு அளவீடும் காந்தவியலும், எட்டாம் வகுப்புக்கு அமிலமும் காரமும் நடத்த விலையுயர்ந்த பொருள் எதுவும் தேவையில்லை. மஞ்சள் தடவிய தாளும் செம்பருத்திச் சாறும் நிறங்காட்டிகள். ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர் அரவிந்த் குப்தா, ஹோஷங்காபாத்துக்குப் போய் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் மாதிரிகளைச் செய்து காட்டினார், பிற்காலத்தில் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். செலவு பிடிப்பது ஆசிரியர் இடம்தான். நாற்பது ஐம்பது பிள்ளைகள் மட்டும் உள்ள பள்ளிக்கு அறிவியலுக்கென்று தனி ஆசிரியர் தர முடியாது என்று நிதித்துறை சொல்லலாம். அப்படியானால் பக்கத்துப் பக்கத்து இரண்டு நடுநிலைப் பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவரை நியமிக்கலாம், வாரத்தில் பாதி இங்கே, பாதி அங்கே. கணிதமும் அறிவியலும் ஒருவர் தலையில் விழுவதைவிட அது எவ்வளவோ மேல். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து கூடும் குறுவள மையக் கூட்டம் ஏற்கெனவே நடக்கிறது, அதற்குப் புதுச் செலவு இல்லை. சுற்றறிக்கை வாசிக்கும் கூட்டமாக இல்லாமல், சோதனை செய்து பார்க்கும் கூட்டமாக அதை மாற்றினால் போதும்.

பொருளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. செய்யூர்ப் பக்கத்து உப்பளங்கள் ஆறாம் வகுப்பின் கரைசலையும் ஆவியாதலையும் பிரித்தலையும் ஏக்கர் கணக்கில் விரித்து வைத்திருக்கின்றன. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு நல்லது என்று அங்குள்ள விவசாயிகள் தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அது உண்மையா, எவ்வளவு உண்மை என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு தொட்டியில் பயிர் வைத்து, ஒன்றுக்கு ஏரித் தண்ணீரும் மற்றதற்குக் கிணற்றுத் தண்ணீரும் ஊற்றி, வாரந்தோறும் உயரத்தை அளந்து பார்க்கலாம். விடை எப்படி வந்தாலும் அது அவர்களே கண்டறிந்த விடை. கல்பாக்கத்தில் 1983 முதல் அணுமின் நிலையம் இயங்குகிறது, அணு ஆராய்ச்சி மையமும் அங்கே இருக்கிறது. அவற்றைப் பற்றி ஊர் மக்கள் கேட்கவேண்டிய கேள்விகளைச் சரியாகக் கேட்கவும், வரும் பதிலை எடைபோடவும் இதே பயிற்சிதான் வேண்டும்.

ஆகவே நாம் கேட்கவேண்டியவை மூன்று. கணிதத்திலிருந்து பிரித்து அறிவியலுக்கென ஒரு பட்டதாரி ஆசிரியர், சிறிய பள்ளியானால் இரண்டு பள்ளிக்கு ஒருவர். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் இரண்டு பாடவேளையைச் சேர்த்து ஒரு சோதனை நேரம், அதற்குத் துணையாக மாதம் ஒரு முறை குறுவள மையத்தில் ஆசிரியர்கள் சோதனை செய்து பார்க்கும் நாள். தொகுத்தறி வினாத்தாளின் 60 மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு, பிள்ளை தானே செய்து கண்டதை எழுதும் கேள்விகளுக்கு. புத்தகத்துக்கு மாறாக வந்திருந்தாலும், செய்த முறையைத் தெளிவாகச் சொல்லியிருந்தால் முழு மதிப்பெண். முதலாவதற்கு அரசாணை வேண்டும். மற்ற இரண்டையும் துறை மனம் வைத்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். வகுப்பறைச் சுவரையும் கழிப்பறையையும் பற்றிக் கேட்கும் அதே குழு, இந்தப் பருவத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் கையால் எத்தனை சோதனை செய்தார்கள் என்றும் கேட்கட்டும். அந்த எண் குறைவாக இருந்தால் ஆசிரியர் மேல் பாயாமல், அவருக்கு நேரமும் துணையும் கேட்டுத் தீர்மானம் போடட்டும். அந்தத் தீர்மானத்தை அச்சரப்பாக்கம் ஒன்றியத்தின் எல்லாப் பள்ளிகளும் போட்டு வட்டாரக் கல்வி அலுவலருக்கு அனுப்பினால், அது ஒரு ஒன்றியம் முழுவதும் சேர்ந்து வைத்த கோரிக்கையாகிவிடும். அரசு கவனித்தாக வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கண் இருக்கிறது, கேட்கத் துணிவும் இருக்கிறது. கண்டதைக் கண்டபடி எழுதும் உரிமையை அவர்களுக்கு வாங்கிக் கொடுப்பது பெரியவர்களாகிய நம் வேலை.